ஓப்பன்ஷாட், ஷாட்கட்: மௌனப் படத்துக்கு இசை சேர்க்க எது கைகொடுக்கும்?

மௌனப் பட நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டனின் ‘ஒன் வீக்’ 1920இல் வெளியான இரண்டு ரீல் படம். புதுமணத் தம்பதிக்குப் பரிசாக ஒரு வீடு பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. பெட்டிகளின் எண்களை ஒரு பொறாமைக்காரன் மாற்றி எழுதிவிட, எழும்பும் வீடு கோணல்மாணலாக நிற்கிறது, புயலில் சுழல்கிறது, கடைசியில் தண்டவாளத்தின் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. ஆனால் அது பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டை நொறுக்குகிறது. எடிட்டிங் மென்பொருள் எதைக் கையில் எடுத்தாலும் இந்தக் காட்சிக்கு இசை சேர்த்துப் பார்ப்பதைத்தான் முதல் சோதனையாக வைக்கிறேன்.

இங்கே எடுத்துக்கொள்வது இரண்டு மென்பொருள்கள். ஒன்று ஓப்பன்ஷாட், ஜொனதன் தாமஸ் 2008இல் தொடங்கியது. மற்றது ஷாட்கட், டான் டென்னடி எம்எல்டி என்ற கட்டமைப்பின் மேல் எழுப்பியது. இரண்டும் இலவசம்; மூலநிரல் யாரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முடித்த படத்தின் மேல் முத்திரை எதுவும் குத்துவதில்லை. கட்டணம் கட்டி வாங்கும் பெரிய மென்பொருள்களுக்குப் போகுமுன் பலர் நிற்கும் இடம் இவை. இசை சேர்க்கும் வேலைக்கு அதற்குமேல் போகத் தேவையும் இல்லை.

இரண்டில் எது எளிது என்று கேட்டால் திறந்தவுடன் கிடைக்கும் பதில் ஓப்பன்ஷாட். இடது பக்கம் கோப்புகள், வலது பக்கம் முன்னோட்டம், கீழே ஐந்து டிராக்குகள் தயாராகக் காத்திருக்கும். படத்தை ஒன்றிலும் இசையை இன்னொன்றிலும் இழுத்துவிட்டால் வேலை தொடங்கிவிடும். ஷாட்கட் அப்படி வரவேற்பதில்லை. டைம்லைன் வெறுமையாக இருக்கும். டிராக்குகள் தயாராக இருக்காது. திறந்த கோப்பு முதலில் தனியாக ஒரு பார்வைப் பெட்டியில்தான் ஓடும், அங்கிருந்து அதைக் கீழே கொண்டுவர வேண்டும். பலர் இந்த இடத்திலேயே மூடிவிடுகிறார்கள். அது அவசரம் என்பது என் கருத்து. மௌனப் படத்துக்கு எது எளிது என்பதை மெனுக்களின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. அந்தப் படங்கள் கேட்கும் வேலைதான் தீர்மானிக்கிறது.

முதலில் வேகம். பேசும் படம் வந்த பிறகுதான் நொடிக்கு 24 ஃபிரேம் என்பது நிலைத்தது. அதற்கு முன் கேமராவைக் கையால் சுழற்றினார்கள்; 16, 18, 20 என்று படத்துக்குப் படம் மாறும். 16இல் ஓட வேண்டிய 20 நிமிடப் படத்தை 24இல் ஓட்டினால் 13 நிமிடம் 20 நொடியில் முடிந்துவிடும். மனிதர்கள் கோழிநடை போடுவார்கள். அதன்மேல் எவ்வளவு நல்ல பியானோவை வைத்தாலும் ஒட்டாது. ஷாட்கட்டில் கிளிப்பின் பிராப்பர்ட்டீஸ் பகுதியில் ஸ்பீட் என்ற கட்டத்தில் 0.667 என்று தட்டினால் போதும். ஓப்பன்ஷாட்டில் ரைட் கிளிக் மெனுவில் தயாராக இருப்பவை பாதி, கால் என்ற பெரிய படிகள். மூன்றில் இரண்டு பங்கு வேகம் வேண்டுமென்றால் டைம் என்ற பண்பில் கீஃபிரேம் வைத்து நாமே கணக்குப் போட வேண்டும். முடியாதது அல்ல, ஆனால் எளிது என்று பெயர் வாங்கிய கருவியில் இது நெருடுகிறது.

வேகத்தில் கை வைக்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நல்ல முறையில் மீட்கப்பட்ட பிரதிகளில் வேகம் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருக்கும். நீர் ஊற்றுவது, திரைச்சீலை அசைவது போன்ற காட்சிகளைப் பாருங்கள். உண்மை அங்கே தெரிந்துவிடும். நகைச்சுவைப் படங்களில் கொஞ்சம் வேகமாகத் தெரியட்டும் என்றே மெதுவாகச் சுழற்றிப் பிடித்ததும் உண்டு. அதையும் ‘இயல்பாக்கி’விட்டால் கீட்டனின் விழுகை சோம்பிப்போகும்.

இதனோடு சேர்ந்தது திட்ட அமைப்பு. ஷாட்கட் தானியங்கி நிலையில் இருந்தால் முதலில் போடும் கிளிப்பின் அளவையும் ஃபிரேம் எண்ணிக்கையையும் தானே ஏற்றுக்கொள்ளும். ஓப்பன்ஷாட் வழக்கமாக 720பி, நொடிக்கு 30 ஃபிரேம் என்று தொடங்குகிறது. ப்ரொஃபைலைப் படத்துக்கேற்ப மாற்றிக்கொண்டு தொடங்குவது நல்லது. இல்லாவிட்டால் அசைவில் ஒரு சின்ன உதறல் தங்கிவிடும்.

அடுத்து, பழைய ஒலி. இணையத்தில் கிடைக்கும் மௌனப் படப் பிரதிகள் பலவற்றில் யாரோ சேர்த்த இசை ஏற்கெனவே இருக்கும். படத்தின் உரிமைக்காலம் முடிந்திருக்கலாம். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுதான். ஆனால் அண்மையில் சேர்த்த அந்த இசை அதை அமைத்தவருக்குச் சொந்தம். ஸ்காட் ஜோப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ 1899இல் வெளியான இசை, யாரும் வாசிக்கலாம். ஆனால் இன்றைய பியானோக் கலைஞர் ஒருவர் வாசித்த பதிவை அவர் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. ஆகவே பழைய ஒலியை முதலில் அடக்க வேண்டும். ஷாட்கட்டில் டிராக்கின் தலைப்பில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தை ஒரு தட்டு. ஓப்பன்ஷாட்டில் கிளிப்பின் பண்புகளுக்குள் போய் ஒலியை நிறுத்த வேண்டும். இரண்டுமே சிரமமில்லை.

உண்மையான வேறுபாடு இசையை வெட்டி ஒட்டும்போது தெரிகிறது. மௌனப் பட அரங்கில் பெரும்பாலும் இசை இருந்தது. திரைக்குக் கீழே பியானோவோ ஆர்கனோ இருக்கும். எந்தக் காட்சிக்கு என்ன வாசிப்பது என்ற குறிப்புத்தாள் பல படங்களோடு வரும். எர்னோ ராப்பே 1924இல் வெளியிட்ட இசைத் தொகுப்பில் பக்கத்தின் ஓரத்திலேயே உணர்ச்சிகளின் பட்டியல் அச்சாகியிருக்கும், வாசிப்பவர் சட்டென்று புரட்டிக்கொள்வதற்காக. அந்தக் குறிப்புத்தாளை நாமும் எழுத வேண்டும்: கல்யாணம், வீடு கட்டல், புயல், முதல் ரயில், இரண்டாம் ரயில். ஷாட்கட்டில் இதை டைம்லைனிலேயே எழுதலாம். எம் விசையை அழுத்தினால் மார்க்கர் விழும். அதற்குப் பெயரும் நிறமும் கொடுத்து, தனிப் பட்டியலாகவும் பார்க்கலாம். ஓப்பன்ஷாட்டிலும் மார்க்கர் வைக்கலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். ஆனால் குறிப்புத்தாளைப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் வைத்துக்கொள்வதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

ஒலியின் அலைவடிவம் ஷாட்கட்டில் தானாகவே தெரியும். ஓப்பன்ஷாட்டில் டிஸ்பிளே மெனுவில் கேட்டு வாங்க வேண்டும். இசையை மெல்ல எழுப்பவும் அடக்கவும் ஷாட்கட்டில் கிளிப்பின் மூலையிலுள்ள சிறு வட்டத்தைப் பிடித்து வேண்டிய நீளத்துக்கு இழுக்கலாம். ஓப்பன்ஷாட்டில் வால்யூம் மெனுவில் வேகமாக, மெதுவாக என்று ஆயத்தத் தேர்வுகள் உள்ளன. அங்கே ஃபேட் என்று தனி மெனுவும் இருக்கிறது. அது படத்தை மங்கச் செய்வது. புதிதாக வருபவர் இசையை அடக்க நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடுவது இதனால்தான். ஒலி அளவைக் கண்ணால் பார்க்க ஷாட்கட்டில் பீக் மீட்டர் உண்டு. வெவ்வேறு பதிவுகளைச் சேர்க்கும்போது இது பெரிய துணை. பழைய மடிக்கணினியில் முன்னோட்டத்தின் தரத்தை மட்டும் குறைத்து ஓட்டும் வசதியும் அதில் உண்டு.

இனி ரயில் காட்சி. முதல் ரயில் நெருங்கும்வரை இசை ஏறிக்கொண்டே போக வேண்டும். அது பக்கத்தில் கடந்துபோகும் கணத்தில் நிற்க வேண்டும். இரண்டாம் ரயில் வரும்வரை முழு அமைதி. நிற்கும் இடம் நாலைந்து ஃபிரேம் பிசகினாலும் சிரிப்பு வராது. வெட்டுவது, ஒரு ஃபிரேம் தள்ளிப் பார்ப்பது, திரும்ப ஓட்டுவது என்று இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. அலைவடிவமும் மார்க்கரும் கண்ணெதிரே இருப்பதால் ஷாட்கட்டில் இது கைப்பழக்கமாகிவிடுகிறது. ஆகவே இருபது நிமிடம், ஒரு மணி நேரம் என்று நீளும் படத்துக்கு நான் தயங்காமல் அதையே சொல்வேன். மௌனப் படக்காலத்தின் பிரெஞ்சு முன்னோடி மெலியேயின் இரண்டு மூன்று நிமிடத் தந்திரப் படம் ஒன்றுக்குத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே இசைத்துண்டை வைக்கப்போகும் பள்ளி மாணவருக்கு ஓப்பன்ஷாட்டே போதும். அன்று மாலைக்குள் படம் தயாராகிவிடும்.