ஒரு தலைக்கு 2 தெனாரியஸ்: கி.பி. 301-ன் சலூன் ரேட்

சலூன்ல உட்காரும்போது கண்ணாடிக்கு மேல மாட்டியிருக்கிற ரேட் போர்டை எல்லாரும் பார்த்திருப்போம். கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு, சின்னப் பசங்களுக்கு இவ்வளவு. பல ஊர்கள்ல போர்டுக்கு அடியில முடிதிருத்துவோர் சங்கத்தோட பேரும் இருக்கும். அந்த ரேட்டை யார் முடிவு பண்றாங்க, எதை வெச்சு முடிவு பண்றாங்கன்னு பெருசா யோசிச்சிருக்க மாட்டோம். இன்னைக்குப் பார்க்கப்போறது, ஒரு பேரரசு முழுக்க ஒரே சலூன் ரேட்டைக் கல்லுல வெட்டி வெச்ச கதை. அந்த ரேட்டைத் தாண்டினா மரண தண்டனை.

வருஷம் கி.பி. 301. ரோமப் பேரரசை அப்போ 4 பேர் சேர்ந்து ஆண்டாங்க. அதுல மூத்தவர் டயோக்ளீஷியன். அவருக்கு முந்தின 50, 60 வருஷத்துல ஆட்சிக்கு வந்தவங்கள்ல பலர் போருக்குப் பணம் பத்தலைன்னு நாணயத்துல வெள்ளியைக் குறைச்சுக்கிட்டே வந்தாங்க. ஒரு கட்டத்துல வெள்ளி நாணயம்னு பேரு இருக்கும், உள்ள 5 சதவீதம் வெள்ளிகூட இருக்காது. விலைவாசி ஏறிடுச்சு. டயோக்ளீஷியன் புது நாணயங்கள் அடிச்சுப் பார்த்தார். 301 செப்டம்பர் 1-லிருந்து நாணயங்களோட மதிப்பை இரட்டிப்பாக்கி ஒரு ஆணையும் போட்டார். அதே வருஷம் நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்துல அடுத்த ஆணை வந்தது. அதுதான் அதிகபட்ச விலை ஆணை.

அதோட முன்னுரை ரொம்ப நீளம், ரொம்பக் கோபம். விலை ஏறினதுக்கு நாணயம் காரணம்னு அதுல ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் வியாபாரிகளோட பேராசையாம். படைவீரன் ஒரே ஒரு பொருள் வாங்குறதுக்குள்ள மொத்தச் சம்பளமும் போயிடுதுன்னு ஒரு புலம்பல். அதுக்கப்புறம் பட்டியல் ஆரம்பிக்குது. 1,200-க்கும் மேற்பட்ட வரிகள். கோதுமை, ஒயின், இறைச்சி, செருப்பு, துணி, கப்பல் வாடகை, 1,50,000 தெனாரியஸுக்கு ஒரு சிங்கம், எல்லாமே இருக்கு. நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். பார்த்ததும் எனக்குத் தோணினது, இது கல்லுல வெட்டின ஒரு ஸ்ப்ரெட்ஷீட். பொருள், யூனிட், விலை. மூணே காலம்.

இந்தப் பட்டியல்ல 7-ஆம் அத்தியாயம் கூலிக்கானது. அதுலதான் நம்ம ஆள் வர்றார். முடிதிருத்துநருக்கு, ஒரு ஆளுக்கு, 2 தெனாரியஸ். அவ்வளவுதான்.

அந்த எண்ணைவிட அவர் எங்க நிக்கிறார்ங்கிறதுதான் என்னை நிறுத்தி வெச்சுது. அவருக்கு முந்தின வரிகள்ல கோவேறு கழுதை வைத்தியர். ரோம முடியைக் கத்தரிச்சு, குளம்பைச் சீவிச் சரிபண்ண ஒரு விலங்குக்கு 6 தெனாரியஸ். ரத்தம் எடுத்துத் தலையைச் சுத்தம் பண்ண 20. அவருக்கு அடுத்த வரியில செம்மறிக்கு ரோமம் கத்தரிக்கிறவர். ஒரு ஆட்டுக்கு 2 தெனாரியஸ், சாப்பாடும் உண்டு. லத்தீன்ல ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை, 'தோன்சோர்', கத்தரிக்கிறவன். பட்டியல் எழுதின அதிகாரிக்கு இது ஒரே கேட்டகரி. கத்தரி வேலை. மனுஷத் தலையா இருந்தா என்ன, ஆட்டு முதுகா இருந்தா என்ன, யூனிட்டுக்கு 2. ஆட்டுக்காரருக்குச் சாப்பாடு எழுதியிருக்கு, சலூன்காரருக்கு எழுதலை.

2 தெனாரியஸுக்கு என்ன கிடைக்கும்? அதே பட்டியல்லயே தேடலாம். முட்டை 4-க்கு 4 தெனாரியஸ், அதனால ஒரு தலைக்கு 2 முட்டை. பன்றி இறைச்சி ஒரு ரோமன் பவுண்டு, அதாவது நம்ம கணக்குல கிட்டத்தட்ட 330 கிராம், 12 தெனாரியஸ். 6 பேருக்கு முடி வெட்டணும். சாதாரண ஒயின் அரை லிட்டர் 8 தெனாரியஸ், 4 பேர். எகிப்து பீர் அரை லிட்டர் 2 தெனாரியஸ், ஒருத்தர் போதும். உழவு வேலைக்குப் போடுற நல்ல பூட்ஸ் ஒரு ஜோடி 120. அறுபது தலை.

மத்தவங்க கூலியோட வெச்சுப் பார்ப்போம். வயல்ல கூலி வேலை செய்றவருக்கு நாளுக்கு 25 தெனாரியஸ், சாப்பாட்டோட. சாக்கடை சுத்தம் பண்றவருக்கும் அதே 25, சாப்பாட்டோட. தச்சருக்கு 50. படம் வரையுற ஓவியருக்கு 150. சலூன்காரர் 25-ஐத் தொடணும்னா ஒரு நாளைக்கு 13 பேர் வரணும், தச்சரைத் தொட 25 பேர் வரணும். கடை வாடகை, கத்தி, அடுப்புக்கு விறகு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் அவர் கையிலிருந்து.

13 பேர் பெரிய விஷயமான்னு கேட்கலாம். இன்னைக்கு இல்லை. அன்னைக்கு சவரத்துக்கு நுரை கிடையாது, தண்ணி மட்டும்தான். கத்தி இரும்பு, அடிக்கடி தீட்டணும். சலூன்ல பட்ட வெட்டுக்காயத்துக்கு எண்ணெயும் வினிகரும் சேர்த்துச் சிலந்தி வலையை ஒட்டலாம்னு பிளினி எழுதி வெச்சிருக்கார். வைத்தியக் குறிப்புல எழுதுற அளவுக்கு அது சாதாரணமா நடந்திருக்கு. நிதானமா செஞ்சாத்தான் ரத்தம் வராது. ஆனா தலைக்கு இவ்வளவுன்னு ரேட் வெச்சா நிதானத்துக்குக் காசு கிடையாது. விலைக்கு உச்சவரம்பு வெச்சா கோதுமை வியாபாரி மூட்டையைப் பதுக்குவார். சலூன்காரர் எதைப் பதுக்குவார்? நேரத்தைத்தான்.

இதுக்கு ஒரு மறுப்பு உண்டு. அந்த அதிகாரிகளுக்குத் தரம் பிரிக்கத் தெரியாமப் போயிருக்கலாம், எல்லா வேலைக்கும் இப்படித் தட்டையா ஒரு எண் போட்டிருக்கலாம். அப்படி இல்லை. அதே அத்தியாயத்துல எழுத்தர் இருக்கார். முதல் தர எழுத்துல 100 வரிக்கு 25 தெனாரியஸ், இரண்டாம் தரத்துக்கு 20. தையல்காரர்களுக்கும் உருப்படியைப் பொறுத்து வேற வேற ரேட். கணக்கு வாத்தியாருக்கு ஒரு பையனுக்கு மாசம் 75, எழுத்து சொல்லிக்கொடுக்கிறவருக்கு 50. தரம், வகை எல்லாம் வெச்சு டேபிள் போடத் தெரிஞ்சவங்கதான். முடிக்கு மட்டும் ஒரே வரி. வெறும் ஷேவிங்கா, கட்டிங்கா, புதுசா வேலை கத்துக்கிட்ட பையனா, 30 வருஷம் கத்தி பிடிச்ச கையா, எதுவுமே அந்த டேபிள்ல காலம் இல்லை. குளியல் கூடத்துல துணியைப் பார்த்துக்கிறவருக்கும் ஒரு ஆளுக்கு 2 தெனாரியஸ்தான். முடி வெட்டுறதும் துணிக்குக் காவல் நிக்கிறதும் பட்டியல்ல சமம்.

பெண்களோட முடி? அதுக்குன்னு இந்தப் பட்டியல்ல தனி வரியே கிடையாது. ரோமப் பணக்காரப் பெண்களோட சிலைகளைப் பாருங்க, அடுக்கடுக்கா சுருள், பின்னல், கொண்டை. அதெல்லாம் ஒரு மணி நேரத்துல முடியுற வேலையா தெரியலை. வசதியான வீட்டுல அதைச் செஞ்சது 'ஓர்னாட்ரிக்ஸ்'னு கூப்பிட்ட அடிமைப் பெண்கள். அடிமைக்குக் கூலி கிடையாது, அதனால ரேட்டும் கிடையாது. ஆனா அவங்க திறமைக்கு மதிப்பு போட வேண்டிய கட்டாயம் வேற ஒரு இடத்துல வந்தது. உயில்ல. ஒருத்தர் தன் ஓர்னாட்ரிக்ஸ்களை இன்னாருக்குக் கொடுக்கிறேன்னு எழுதிட்டுச் செத்துட்டா, வீட்டுல இருக்கிற அடிமைகள்ல யாரெல்லாம் அந்தக் கணக்குல சேருவாங்க? கெல்சஸ்னு ஒரு சட்ட அறிஞர், குருகிட்ட 2 மாசம் மட்டும் பயிற்சி எடுத்தவங்க சேர மாட்டாங்கன்னார். வேற சிலர் அவங்களும் சேருவாங்கன்னாங்க. அவங்க வாதம், எல்லாருமே இன்னும் கத்துக்கக்கூடியவங்கதான், எந்தக் கைத்தொழிலும் வளர்ந்துக்கிட்டே இருக்கும், அப்படிப் பார்த்தா யாருமே சேர மாட்டாங்களே, அப்படிங்கிறது. மார்சியானஸ்ங்கிற இன்னொரு சட்ட அறிஞர் இந்த ரெண்டாவது கருத்துதான் சரின்னு எழுதினார், அது ரோமச் சட்டத் தொகுப்புல இருக்கு. முடி வேலை கத்துக்கிட்டே போற ஒரு கலைன்னு ரோமச் சட்டத்துக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தக் கலையைக் கையில வெச்சிருந்தவங்களைச் சொத்தாகப் பங்கு பிரிக்கும்போதுதான் அது ஞாபகம் வந்திருக்கு. இதைப் படிச்சப்போ எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது.

சரி, ஆணை என்ன ஆச்சு? லாக்டான்ஷியஸ்னு ஒரு கிறிஸ்தவ எழுத்தாளர், அற்பப் பொருளுக்கெல்லாம் ரத்தம் சிந்தினாங்க, பயத்துல சந்தையில சரக்கே வரலை, கடைசியில ஆணையைக் கைவிட்டாங்கன்னு எழுதுறார். அவர் டயோக்ளீஷியனை வெறுத்தவர், கிறிஸ்தவர்களை வேட்டையாடின ஆட்சி அது. அதனால கொஞ்சம் கழிச்சுத்தான் படிக்கணும். ஆனா ஆணை நிலைக்கலைங்கிறது உண்மை. 305-ல் டயோக்ளீஷியன் பதவியை விட்டே விலகிட்டார். கிரேக்க நாட்டுல ஜெராக்கிங்கிற ஊர்ல, ஆணையைச் செதுக்கின பலகைக் கற்கள் பிற்காலத்துல ஒரு சர்ச்சோட வாசல் நிலையாயிடுச்சு.

ஒரு வித்தியாசத்தை இங்க சொல்லிடணும். டயோக்ளீஷியன் போட்டது உச்சவரம்பு. வாடிக்கையாளர் பக்கம் நின்னு, இதுக்கு மேல வாங்காதேன்னு சொன்னது. நம்ம ஊர் சங்கப் போர்டு தொழில் செய்றவங்க போட்டது. பக்கத்துக் கடையோட போட்டி போட்டு இதுக்குக் கீழ இறங்காதேன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறது. ரெண்டும் ரேட் போர்டுதான், ஆனா எழுதின கை வேற. நான் ரெண்டாவது கையைத்தான் நம்புவேன். 13 பேருக்கு வெட்டினா கை எப்படி வலிக்கும்னு அதுக்குத் தெரியும்.

301-க்கு 60 வருஷம் கழிச்சு, 361 டிசம்பர்ல ஜூலியன் கான்ஸ்டான்டிநோபிள் அரண்மனைக்குள்ள பேரரசரா நுழையறார். முடி வெட்ட ஆள் கூப்பிடச் சொன்னார். பட்டாடையில ஒருத்தர் வந்து நின்னார். நான் முடிதிருத்துநரைத்தானே கூப்பிட்டேன், கருவூல அதிகாரியை இல்லையேன்னு கேட்டிருக்கார் ஜூலியன். உனக்கு என்ன வருமானம்னு விசாரிச்சா, நாளுக்கு 20 பேருக்கான ரேஷன், அதே அளவுக்குக் கால்நடைத் தீவனம், கனமான வருஷச் சம்பளம், அதுக்கு மேல சிபாரிசு மனுக்கள்ல வர்ற வரும்படி. அம்மியானஸ்ங்கிற வரலாற்றாசிரியர் இதை எழுதியிருக்கார்.

எனக்கு இதுல முக்கியமாப் படுறது ரேஷன். காசு மதிப்பிழந்துக்கிட்டே இருந்த காலத்துல அவர் கூலியைத் தானியமா வாங்கியிருக்கார். நம்ம கிராமங்கள்ல நாவிதருக்கு அறுவடைக் களத்துல நெல் அளந்து கொடுத்த வழக்கத்தை நினைச்சுக்கோங்க. நெல்லா வாங்கினா விலைவாசி ஏறினாலும் வயிறு காயாது. ஆனா எவ்வளவு அளக்கிறதுங்கிறது மரக்கால் பிடிச்சவர் கையில. அரண்மனைக்காரருக்கும் அதுதான் நடந்தது. ஜூலியன் அவரையும், அவர் மாதிரி இருந்த சமையல்காரர்களையும் மொத்தமா வீட்டுக்கு அனுப்பிட்டார்.

அதே ஜூலியன் அடுத்த வருஷம் அந்தியோக்கியா நகரத்துக்குப் போனார். அங்க பஞ்சம். அவரும் விலைக்கு உச்சவரம்பு வெச்சார், வெளியூர்லயிருந்து தானியமும் கொண்டுவந்து இறக்கினார். வசதியானவங்க அதை வாங்கிப் பதுக்கிட்டாங்க. ஊர்க்காரங்க அவரைக் கிண்டல் பண்ண ஆரம்பிச்சாங்க, முக்கியமா அவரோட தாடியை. அவர் தத்துவவாதி மாதிரி நீளமா தாடி வளர்த்திருந்தார். 363-ல் அவர் அதுக்குப் பதிலா ஒரு நூலே எழுதினார், பேரு 'மிசோபோகான்', தாடியை வெறுப்பவன்னு அர்த்தம். என் தாடியில கயிறு திரிக்கலாம்னு சொல்றீங்களாமே, தாராளமா பிடுங்கிக்கோங்க, உங்க மெல்லிசான கை நோகாம பார்த்துக்கோங்கங்கிற மாதிரி அதுல பதில் சொல்லியிருக்கார்.