காஞ்சிரையும் காக்கைக்கொல்லியும்: மூளையின் தடுப்பு வாங்கிகளை அறிந்த வரலாறு

புத்தளக் கடற்கரையைப் பழைய யாத்திரிகர் ஏடுகளில் தேடுவோர் முதலிற் காண்பன கறுவாவும் முத்துமே. 1344ஆம் ஆண்டில் இக்கரையில் இறங்கிய இபன் பதூதா, ஆற்றுவெள்ளம் கொணர்ந்து ஒதுக்கிய கறுவாக் கட்டைகள் கடலோரத்திற் குவிந்து கிடந்ததையும், ஆரியச் சக்கரவர்த்தி தமக்கு முத்துக்களைக் காட்டியதையும் எழுதிவைத்துள்ளார். பின்வந்த ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை கட்டியதும் வணிகத்தின் பொருட்டே. ஆயின், விலைபேசுவோர் எவரும் பெரிதாக மதியாத இரு செடிகள் இந்நாட்டிலும் அக்கரைத் தமிழ், மலையாள நாடுகளிலும் வளர்கின்றன. மனித மூளை தன்னைத் தானே எவ்வாறு அடக்கிக்கொள்கிறது என்னும் வினாவுக்கு விடை காண உதவிய திறவுகோல்கள் அவை இரண்டுமே. இக்கட்டுரை அவற்றின் வரலாறு.

முதலாவது காஞ்சிரை. எட்டி என்பதும் அதுவே. சிங்களவர் கொடகதுரு என்பர். இம்மாவட்டத்தையும் உள்ளடக்கிய வரண்ட வலயக் காடுகளுக்குரிய மரம் அது. செம்மஞ்சள் நிறப் பழம் கண்ணுக்கு இனியது. தட்டையான வட்ட விதையோ கொடிய நஞ்சு. ஈயாதவன் செல்வத்துக்கு அப்பழத்தை உவமை கூறுவது நம்மவர் வழக்கு. அதே பேரினத்தைச் சேர்ந்த தேற்றா மரத்தின் கொட்டையைக் கலங்கல் நீரைத் தெளிவிக்க நம் பாட்டிமார் குடத்தின் உட்புறத்தில் உரைத்தனர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். உடன்பிறப்புக்களில் ஒன்று நீரைத் தெளிவிக்கும்; மற்றது உயிரை வாங்கும்.

இரண்டாவது காக்கைக்கொல்லி என்னும் கொடி. சிங்களத்தில் தித்தவெல், அதாவது கசப்புக்கொடி. அதன் விதையை இடித்து நீர்நிலையிலிட்டு, மயங்கி மிதக்கும் மீனை அள்ளுவது இந்தியாவிலும் இலங்கையிலும் பண்டுதொட்டு இருந்த தீய வழக்கம். நஞ்சிட்டு மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீர்வாழ் உயிரினவளச் சட்டம் தடைசெய்கிறது. இவ்விதை மேற்காசியத் துறைமுகங்கள் வழியே ஐரோப்பாவுக்கும் சென்றது. அங்கே மதுவடிப்போர் சிலர் பியரின் போதையை மலிவாக மிகுவிக்க அதனைக் கலந்தனர். இங்கிலாந்தின் பாராளுமன்றம் 1816இல் அதனைச் சட்டத்தால் விலக்க நேர்ந்தது. நம் கரைகளின் மீன்நஞ்சு இலண்டன் மாநகரின் மதுக்கிண்ணத்திற் சேர்ந்த கதை தனியே எழுதத்தக்கது.

காஞ்சிரையை ஐரோப்பிய அறிஞருக்கு நன்கு அறிமுகஞ்செய்த நூல்களுள் ஒன்று, கொச்சியில் ஒல்லாந்த ஆளுநராயிருந்த வான் ரீட் தொகுப்பித்து 1678இல் வெளிவரத் தொடங்கிய மலையாளத் தாவரப் பெருநூல். அதன் முதற் பாகத்தில் இம்மரம் ‘கனிரம்’ என்னும் நாட்டுப் பெயருடனேயே படமாக அமைந்துள்ளது. நம் சித்த வைத்தியரோ அதற்கு நெடுங்காலம் முன்பே அவ்விதையைச் சுத்திசெய்து, மிகச் சிறு அளவில் வாதநோய்க்கு வழங்கி வந்தனர். எவ்வளவு உண்டால் மருந்து, எவ்வளவு உண்டால் மரணம் என்பது அவர்கள் நன்கு அறிந்த செய்தி. அந்நஞ்சு உடலின் எவ்விடத்திற் சென்று வேலைசெய்கிறது என்னும் வினா மட்டும் எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியவர் பிரான்சிய மருத்துவர் மகந்தி. காஞ்சிரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியிலிருந்து எடுத்த அம்புநஞ்சை லெஷனோ என்னும் தாவர அறிஞர் ஜாவாத் தீவிலிருந்து கொண்டுசென்றிருந்தார். (இவர் பின்னாளிற் பாண்டிச்சேரியில் தங்கிப் பணிபுரிந்தவர்.) மகந்தியும் அவர் நண்பர் டெலீலும் 1809இல் அந்நஞ்சை நாய்களிற் செலுத்தினர். உடல் வில்லாய் வளைந்து விறைத்தது. முண்ணாணை மூளையிலிருந்து வெட்டிப் பிரித்த பின்னும் வலிப்பு நிற்கவில்லை. முண்ணாணையே அழித்தபோது நின்றது. ஆகவே நஞ்சின் களம் முண்ணாண் என்று துணிந்தனர். ஒரு மருந்து உடலில் எங்கே செயற்படுகிறது என்று பரிசோதனையால் நிறுவிய முதல் ஆய்வுகளுள் இது வைத்தெண்ணப்படும். 1812இல் பூலே என்பார் காக்கைக்கொல்லியிலிருந்து பிக்ரோட்டொக்சினையும், 1818இல் பெல்லத்தியே, கவாந்து என்னும் இருவர் காஞ்சிரை இனத்திலிருந்து ஸ்ட்ரிக்னைனையும் பிரித்தெடுத்தனர். 47 அணுக்களே கொண்ட ஸ்ட்ரிக்னைன் மூலக்கூறின் கட்டமைப்பைத் தெளிய இரசாயனருக்கு மேலும் 128 ஆண்டுகள் சென்றன.

இனி மறுபக்கம். நரம்பு என்றால் ஏவுவது என்றே பண்டையோர் எண்ணினர். 1845இல் வெபர் சகோதரர் ஒரு நரம்பைத் தூண்டியபோது தவளையின் இதயம் துடிப்படங்கி நின்றது. ஏவுவது போலவே அடக்குவதும் நரம்பின் தொழில் என்பது அன்று வெளிப்பட்டது. பிரித்தானிய அறிஞர் ஷெரிங்டன் இதனை முண்ணாணில் விரிவாக ஆராய்ந்தார். முழங்கையை மடக்கும் தசை சுருங்கும்போது நீட்டும் தசை தளரவேண்டும். அத்தளர்ச்சி சோம்பலன்று, முண்ணாண் இடும் கட்டளை. ஸ்ட்ரிக்னைன் கொடுத்தாலோ தளரவேண்டிய தசையும் உடன் சுருங்குகிறது. நஞ்சு புதிதாக ஏவுவதில்லை, அடக்குவதை நீக்கிவிடுகிறது. கடிவாளம் அறுந்த குதிரைக்கு எவரும் சவுக்கடி கொடுக்கவேண்டியதில்லை.

அடக்கும் கட்டளை மின்சாரமாகச் செல்வதா, இரசாயனப் பொருளாகச் செல்வதா என்பது அடுத்த வழக்கு. அவுஸ்திரேலியரான எக்கிள்ஸ் மின்சாரக் கட்சியின் தலைவராய் நின்று பல்லாண்டு வாதிட்டவர். 1951இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் அவரும் புரொக், கூம்ஸ் என்னும் துணைவரும் ஒரு மைக்கிரோனிலும் நுண்ணிய கண்ணாடிக் குழாய்முனையைப் பூனையின் இயக்க நரம்புக்கலத்துள் நுழைத்து மின்னழுத்தத்தை அளந்தனர். தடுப்பு நரம்பைத் தூண்டியபோது கலத்தின் உள்ளழுத்தம் மேலும் எதிர்மறையாகச் சரிந்தது. அவரது சொந்தக் கொள்கை கூறியதற்கு இது நேர்மாறு. எக்கிள்ஸ் அதனை மறைக்கவுமில்லை. வேறு பொருள் கூறி மழுப்பவுமில்லை. தம் கட்சி தோற்றதென்று தாமே அறிவித்து எதிர்க்கட்சியிற் சேர்ந்தார். 1963இல் அவர் நோபெற் பரிசிற் பங்கு பெற்றார். பரிசினும் அந்த ஒப்புதலே பெரிது என்பது என் கருத்து. அவரது குழுவினரே ஸ்ட்ரிக்னைன் இச்சரிவைக் குறைப்பதையும் காட்டினர்.

இரசாயனப் பொருள் எனின், எப்பொருள்? இங்கே புத்தளக் களப்பு மீனவர் நன்கறிந்த உயிரினம் ஒன்று உதவிக்கு வருகிறது. நண்டு, இறால், சிங்கிறால் முதலியவற்றின் தசைக்கு ஏவல் நரம்பும் தடுப்பு நரம்பும் தனித்தனியே நேராக வந்து சேர்கின்றன. நம் உடலிலோ தடுப்பு முழுவதும் முண்ணாணிலும் மூளையிலும் ஒளிந்துள்ளது. ஆகவே ஆராய்ச்சியாளர் நண்டினத்தை நாடினர். 1950இல் மூளையிற் காமா அமினோ பியூட்டிரிக் அமிலம் என்னும் எளிய பொருள் இருப்பதை யூஜின் ரொபேட்ஸ் முதலியோர் கண்டிருந்தனர். சுருக்கமாகக் ‘காபா’ என்போம். புளோரி என்பார் மூளைச் சாற்றில் நண்டினத்தின் நரம்பை அடக்கும் ஒரு பொருளைக் கண்டார். 1957இல் அது காபாவே எனத் தெளிந்தது. அதன் செயலைக் காக்கைக்கொல்லியின் நஞ்சு மறிக்கும் என்பதும் புலனாயிற்று. 1966இல் ஹாவாட்டிற் சிங்கிறாலின் தடுப்பு நரம்பைத் தூண்டியபோது காபா வெளிவந்தது. ஏவல் நரம்பைத் தூண்டியபோது வரவில்லை. வழக்குத் தீர்ந்தது, நண்டினத்தின் அளவில்.

பாலூட்டிகளின் நிலை வேறு. கன்பெராவிற் கேட்டிசும் வொட்கின்சும் பல குழல்கள் ஒட்டிய கண்ணாடி நுண்குழாயை வகுத்தனர். ஒரு குழல் கலத்தின் மின்குறியைக் கேட்கும். மற்றவை வெவ்வேறு பொருள்களை மின்னோட்டத்தின் விசையால் அணுவணுவாய் உமிழும். காபா நரம்புக்கலங்களை நன்றாக அடக்கியது. ஆனால் ஸ்ட்ரிக்னைன் அதனைத் தடுக்கவில்லை. முண்ணாணின் இயற்கைத் தடுப்பையோ ஸ்ட்ரிக்னைன் தடுக்கிறது. ஆகவே காபா இயற்கையான கடத்துபொருளன்று என்று அவர்கள் தள்ளினர். தருக்கம் பிழையற்றது, முடிவு பிழையானது. கடத்துபொருள் ஒன்றே இருக்கும் என்னும் எண்ணம் உள்ளே மறைந்து நின்றதே காரணம். 1965இல் ஏப்ரிசனும் வேர்மனும் முண்ணாணிற் கிளைசீன் என்னும் மிக எளிய அமினோ அமிலம் செறிந்திருப்பதைக் காட்டியபின் திரை விலகிற்று. கேட்டிசின் குழுவினரே மீண்டும் ஆராய்ந்து, ஸ்ட்ரிக்னைன் மறிப்பது கிளைசீனை என்று நிறுவினர். 1970இல் பைக்குக்குலீன் என்னும் வேறொரு தாவர நஞ்சு காபாவை மறிப்பதையும் அவர்களே கண்டனர். பூட்டுக்கள் இரண்டு, திறவுகோல்களும் வெவ்வேறு.

பூட்டையே கையிற் பிடிப்பது எப்படி? கடத்துபொருளை ஏற்கும் புரதத்தை ‘வாங்கி’ என்பர். 1973இற் பால்டிமோரில் யங், சினைடர் இருவரும் ஸ்ட்ரிக்னைனுக்குக் கதிரியக்க ஐதரசனை ஏற்றி, எலியின் நரம்பிழையத்தை அரைத்த சாற்றுடன் கலந்தனர். ஒட்டாததைக் கழுவி நீக்கி, ஒட்டிநின்றதைக் கதிர் எண்ணும் கருவியால் அளந்தனர். முண்ணாணிலும் அதையடுத்த மூளைத்தண்டிலும் ஒட்டியது மிகுதி. பெருமூளைப் புறணியில் மிகக் குறைவு. 1982இல் ஜேர்மனியில் பெற்ஸ் குழுவினர் ஸ்ட்ரிக்னைனின் வழிப்பொருள் ஒன்றைச் சிறு மணிகளிற் பிணைத்துக் குழாயில் நிரப்பி, முண்ணாணின் புரதக் கரைசலை அதனூடே விட்டனர். ஆயிரம் புரதங்கள் வழிந்தோட, கிளைசீன் வாங்கி மட்டும் அதிற் சிக்கியது. களப்பில் மீன் பிடித்த முறையே முறை. இங்கே நஞ்சு தூண்டிலாயிற்று. 1987இல் இரு வாங்கிகளின் மரபுக் கட்டளைகளும் படிக்கப்பட்டபோது, அவை ஒரே குடும்பத்தின் என்பது தெரிந்தது. இதற்கிடையே 1976இல் நேகர், சக்மன் இருவர் வகுத்த முறையால், குழாய்முனையைக் கலத்தின் தோலில் ஒட்டி, ஒற்றைப் புரதவாயில் திறந்து மூடுவதையே மின்னோட்டமாகக் காண முடிந்தது. வாயில் திறக்கும்போது குளோரைட்டு அயன்கள் உட்புக, கலம் அடங்குகிறது.

2015இல் உறைகுளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் கிளைசீன் வாங்கியின் உருவமே கண்முன் வந்தது. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாய் நின்று நடுவே ஒரு புழையை அமைக்கின்றன. ஸ்ட்ரிக்னைன், கிளைசீனின் ஆசனத்தில் தான் அமர்ந்து கதவைத் திறக்கவிடாமற் செய்கிறது. 2019இற் கண்ட காபா வாங்கியின் உருவில் பிக்ரோட்டொக்சின் ஆசனத்தை விட்டுப் புழையினுள்ளேயே அடைப்பாய் நிற்கிறது.

இவ்வரலாற்றைச் சொல்லும்போது, யாவும் நம்மிடமே இருந்தன என்று பெருமை பேசுவோர் சிலர். மரம் நம்முடையது, அதன் குணமறிந்த கைப்பக்குவமும் நம்முடையது. அதற்குமேல் உரிமை கொண்டாடுவது நேர்மையன்று. அதேவேளை, மேலைநாட்டு நூல்கள் இந்நஞ்சுகளின் பெயரை மட்டும் எழுதி, அவற்றின் குணத்தை உயிரைப் பணயம்வைத்துக் கண்ட பெயரற்ற வைத்தியரையும் மீனவரையும் ஒரு சொல்லாலும் நினையாதிருப்பதும் முறையன்று.

கிளைசீன் வாங்கியின் மரபுக் கட்டளையில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் என்னாகும் என்பது 1993இல் வெளிப்பட்டது. சில குழந்தைகள் பிறந்த நாள் முதலே சிறு ஓசைக்கும் உடல் விறைத்துப்போவர். மூக்கு நுனியை விரலால் மெல்லத் தட்டினாலும் திடுக்கிடுவர். சிலவேளை மூச்சும் நின்றுவிடும். காஞ்சிரை உண்டவர் படும் பாட்டின் சாயல் அது; ஆனால் அக்குழந்தை எந்த நஞ்சையும் உண்ணவில்லை. வலிப்பென்று மயங்கிய இந்நோயின் வேர், அவ்வாங்கியின் புரதத்திலுள்ள சிறு மாற்றமே. கெடாது நிற்கும் காபா வாங்கியை வலுப்படுத்தும் குளோனசப்பாம் என்னும் மருந்து அவர்களுக்கு உதவுகிறது. விறைப்பு வந்த கணத்தில் மருந்துக்குக் காத்திராமல், குழந்தையின் தலையையும் கால்களையும் உடலை நோக்கி மடக்கிப் பிடித்தால் மூச்சுத் திரும்புகிறது.