குற்றவாளிக்கு 7, குற்றமற்றவனுக்கு 27

சிறைவாசத்தைக் குறைப்பதாயின், குறைக்கத்தக்க கணக்கு ஒன்று முதலில் இருத்தல் வேண்டும். சித்தப்பிரமை உற்றவன் என்று முத்திரையிடப்பட்டவனுக்கு அக்கணக்கே இல்லாமற் போனதை இங்கிலாந்தின் சரித்திரத்திலே காண்கிறோம்.

1800-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி, லண்டன் டுரூரி லேன் நாடகசாலையில், ஜேம்ஸ் ஹாட்பீல்டு என்னும் மாஜி சிப்பாய் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கிச் சுட்டான். போரிலே தலையில் வெட்டுண்டு புத்தி பேதலித்தவன் எனக் கண்டு ஜூரிகள் அவனைக் குற்றமற்றவன் என்றனர். ஆனால் அவனை வீட்டுக்கு அனுப்பச் சர்க்காருக்கு மனமில்லை. அவ்வாண்டிலேயே அவசரமாக ஒரு சட்டம் பிறந்தது. முடிந்துபோன அவன் வழக்கையும் அது பிடித்துக்கொண்டது. அதன்படி இத்தகையோர் மன்னரின் திருவுளம் உள்ளமட்டும் காவலில் இருக்க வேண்டும். (பிற்காலத்தில் பிரிட்டிஷார் மலாய் ராஜ்யங்களுக்கு வகுத்த குற்ற விசாரணைச் சட்டத்திலும் இத்திருவுளம் வந்து புகுந்தது, மன்னர் இருந்த இடத்தில் சுல்தான் எழுதப்பட்டார், அவ்வளவே.) ஹாட்பீல்டு 1841-இல் காவலிலேயே மாண்டான்.

1840 ஜூன் 10-ஆம் தேதி, மதுக்கடையில் வேலை பார்த்த எட்வர்டு ஆக்ஸ்போர்டு என்னும் 18 வயது வாலிபன், விக்டோரியா ராணியின் வண்டியை நோக்கி இரு கைத்துப்பாக்கிகளால் சுட்டான். அவற்றில் குண்டு இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. அவன் தந்தையும் பாட்டனும் புத்தி மாறாட்டம் உடையோர் என்ற சாட்சியம் அவனைத் தண்டனையிலிருந்து தப்புவித்தது. அச்சாட்சியமே பெத்லெம் பைத்திய ஆஸ்பத்திரியின் கதவையும் பூட்டிற்று. அங்கே அவன் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலிய பாஷைகளைக் கற்றான். வர்ணம் பூசும் தொழிலில் தேறினான். இவன் புத்தி தெளிந்தவனே என்று வைத்தியர்கள் குறித்து வைத்தனர். குறித்து என்ன பயன்?

1849-இல் வில்லியம் ஹாமில்டன் என்பவனும் அதே ராணியை நோக்கி வெறும் மருந்திட்ட துப்பாக்கியைச் சுட்டான். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவனுக்கு 7 ஆண்டு தீவாந்தர சிட்சை கிடைத்தது. அவனுக்கு நாள் எண்ண வழியுண்டு. செக்ரோலில் ஒருவன் பெயரைப் பதிந்தால் எதிரே நாட்கணக்கும் பதிவது நம் தோட்டத்து வழக்கம். ஆக்ஸ்போர்டுக்கோ பெயர் மட்டுமே இருந்தது.

1864-இல் அவனைப் பிராட்மூருக்கு மாற்றினர். 1867-இல் விடுதலை வந்தது. 27 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதிலும் ஒரு நிபந்தனை: குடியேற்ற நாடொன்றுக்குப் போய்விட வேண்டும், இங்கிலாந்துக்குத் திரும்பலாகாது. அவன் மெல்போர்ன் சேர்ந்து, விடுதலை பெற்ற மனிதன் எனப் பொருள்படும் பிரீமன் என்ற பெயரைப் புனைந்து, வர்ணம் பூசிப் பிழைத்தான். 1888-இல் அந்நகர வாழ்வைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டான். அதிலே ஆக்ஸ்போர்டு என்ற பெயர் இல்லை.