அச்சிடும் கட்டளையொன்றின் வரலாறு: 'பிரின்ற்எஃப்' பற்றிய ஒரு சமுதாய நோக்கு

வரலாறு என்பது அரசர்களின் ஆட்சியையும் படையெடுப்புகளையும் நிரல்படக் கூறுவது மட்டுமன்று என்பது இன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஏர், தறி, அச்சுப்பொறி முதலிய கருவிகளும் வரலாற்றாசிரியனின் கவனத்துக்கு உரியனவே. எந்தக் கருவியும் தன்னைத் தோற்றுவித்த சமுதாயத்தின் முத்திரையைத் தாங்கியே வெளிவருகின்றது. அச்சமுதாயம் மாறிய பின்னரும் முத்திரை எளிதில் அழிவதில்லை. இவ்வுண்மையைக் கணினித் துறைக்கும் பொருத்திப் பார்க்கலாமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கலைப்பீட மாணவரொருவர் கணினி பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் செய்நிரல்களும் மனிதர் எழுதிய எழுத்துகளே. எழுத்து எங்குண்டோ அங்கு வரலாறும் உண்டு.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. 'சீ' எனப்படும் கணினி மொழியின் நூலகத்திலே 'பிரின்ற்எஃப்' என்றொரு செயற்கூறு உள்ளது. 'பிரின்ற்' என்பது அச்சிடுதலையும், 'எஃப்' என்பது வடிவமைக்கப்பட்டது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தையும் குறிக்கும். கச்சேரியிலே நாம் நிரப்பும் படிவத்தை நினைவிற் கொண்டால் இதன் தொழிற்பாடு எளிதில் விளங்கும். படிவத்தில் வாசகம் முன்னரே அச்சிடப்பட்டிருக்கும். பெயருக்கும் வயதுக்கும் வெற்றிடங்கள் விடப்பட்டிருக்கும். பிரின்ற்எஃப் கூற்றிற்கு முதலில் அளிக்கப்படும் 'வடிவச் சரம்' அத்தகைய படிவமே. அதில் வெற்றிடத்தைக் காட்டுவது '%' என்னும் குறி. அக்குறியை அடுத்து 'டி' என்னும் ஆங்கில எழுத்து வரின் அவ்விடத்தில் முழுவெண்ணும், 'சீ' வரின் தனியெழுத்தும், 'எஸ்' வரின் எழுத்துத் தொடரும் இடப்படும். இடப்படவேண்டிய பெறுமானங்கள் வடிவச் சரத்தின் பின் வரிசையாக அளிக்கப்படும்.

இம்முறையின் மூலத்தை நாடுவோமாயின் ஃபோர்ட்ரான் மொழியை அடைவோம். ஜோன் பாக்கஸ் தலைமையிலான குழுவினர் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாக்கி 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட அம்மொழியில், அச்சிடவேண்டிய பெறுமானங்கள் ஒரு கூற்றிலும் அவற்றின் வடிவம் இன்னொரு கூற்றிலும் எழுதப்பட்டன. உள்ளடக்கத்திலிருந்து வடிவத்தைப் பிரிக்கும் கருத்தை இங்கே தெளிவாகக் காண்கின்றோம். ஆனால் நிலையான வாசகமொன்றை அச்சிட அதன் எழுத்துகளை எண்ணி, அத்தொகையையும் 'எச்' என்னும் எழுத்தையும் வாசகத்தின் முன் எழுதவேண்டியிருந்தது. எண்ணிக்கை ஒன்று பிசகினும் கூற்றுப் பிழைத்தது. அந்த 'எச்', 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டிற்குத் துளையட்டைப் பொறிகளை அமைத்த ஹேர்மன் ஹொலரித் என்பாரின் பெயரிலிருந்து வந்ததாகும். துளையட்டைக் காலத்தின் நினைவு இவ்வாறு மொழியினுள் ஓரெழுத்தாக நிலைத்தது.

ஃபோர்ட்ரானில் அச்சிடுதல் மொழியின் ஓர் உறுப்பாகவே இருந்தது. அதற்கு மாறாக, 1960ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட அல்கோல் மொழியின் அறிக்கை உள்ளீடு, வெளியீடு பற்றி எதனையும் விதிக்கவில்லை. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாட்டின் றிச்சார்ட்ஸ் 1967 அளவில் உருவாக்கிய 'பீசீபீஎல்' மொழியில் அச்சிடும் பணி மொழிக்கு வெளியே நூலகத்திடம் விடப்பட்டது. அந்நூலகத்தில் இடம்பெற்ற 'றைட்எஃப்' என்னும் செயற்கூறே நம் ஆய்வுப் பொருளின் நேர் மூதாதை எனலாம். '%' குறியும், அதனையடுத்து வகையைச் சுட்டும் எழுத்தும் அதிலேயே காணப்படுகின்றன.

இங்கு ஒரு காரணத்தைச் சிறப்பாக நோக்குதல் வேண்டும். பீசீபீஎல் மொழியில் பெறுமானங்களுக்கு வகை வேறுபாடு கிடையாது. எண்ணாயினும் எழுத்தாயினும் அம்மொழிக்கு அது நினைவகத்தின் ஒரு கூறு மட்டுமே. எனவே தன்னிடம் தரப்பட்டது எண்ணா எழுத்துத் தொடரா என்பதை அச்சிடும் செயற்கூறு தானாக அறிய வழியில்லை. வடிவச் சரமே அதனைச் சொல்லவேண்டியிருந்தது. '%' குறியின் பின் வரும் எழுத்து அழகுக்காக வந்ததன்று. மொழியின் வறுமையை ஈடுசெய்ய வந்ததாகும்.

அடுத்த கட்டம் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் அமைந்த பெல் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்தது. 1969இல் அங்கு யுனிக்ஸ் இயக்க முறைமையைத் தொடங்கிய கென் தொம்சன், பீசீபீஎல் மொழியைச் சுருக்கி 'பீ' என்னும் மொழியை அமைத்தார். அவர் பயன்படுத்திய பொறியின் நினைவகம் எண்ணாயிரம் சொற்கூறுகளையே கொண்டிருந்தது. அச்சிறிய இடத்திற்குள் அடங்கவேண்டிய மொழி சுருக்கமாகவே இருத்தல் இயல்பு. 1972ஆம் ஆண்டில் அவர் எழுதிய 'பீ' மொழிக் கையேட்டில் பிரின்ற்எஃப் என்னும் பெயருடன் ஒரு செயற்கூறு மாதிரியாகத் தரப்பட்டுள்ளது. முழுமையாக எழுதிக்காட்டப்பட்ட அம்மாதிரி, வடிவச் சரத்தைத் தொடர்ந்து ஒன்பது பெறுமானங்கள் வரை ஏற்றது.

அதே காலத்தில் டெனிஸ் றிச்சி 'பீ' மொழியை வளர்த்துச் 'சீ' மொழியை ஆக்கினார். 1973இல் யுனிக்ஸின் கருப்பகுதி அம்மொழியிலே திருப்பி எழுதப்பட்டது. மைக் லெஸ்க் எழுதிய உள்ளீட்டு வெளியீட்டுத் தொகுதி பின்னர் திருத்தப்பட்டுச் 'சீ' மொழியின் நியம நூலகமாயிற்று. கேணிகனும் றிச்சியும் 1978இல் வெளியிட்ட நூலின் முதற் பயிற்சி, பிரின்ற்எஃப் கொண்டு உலகுக்கு வணக்கம் கூறுவதாகும். அன்று முதல் பல தலைமுறை மாணவர் கணினியுடன் பேசிய முதல் வாக்கியம் இச்செயற்கூற்றின் வாயிலாகவே அமைந்தது.

'சீ' மொழியின் முக்கிய முன்னேற்றம் பெறுமானங்களுக்கு வகை வகுத்தமையாகும். எனினும் பிரின்ற்எஃப் மட்டும் வகையற்ற மூதாதையரின் பழக்கத்தையே கைக்கொண்டது. வடிவச் சரத்தில் எழுத்துத் தொடர் என்று எழுதிவிட்டு எண்ணைக் கொடுப்பினும் தொகுப்பி அதனைத் தடுக்கவில்லை. மூன்று வெற்றிடங்களை விட்டு இரண்டு பெறுமானங்களைக் கொடுத்தால், செயற்கூறு மூன்றாவதைத் தேடி நினைவகத்தில் அடுத்துக் கிடந்த எதனையோ எடுத்துக்கொண்டது. வடிவச் சரம் கூறுவதை அது ஐயுறவில்லை. ஐயுற அதற்கு வழியுமில்லை.

இந்நிலையை ஆக்கியோரின் கவனக்குறைவு எனக் கொள்வது வரலாற்றுணர்வற்ற தீர்ப்பாகும். ஒரே ஆய்வுகூடத்தில் ஒருவரையொருவர் அறிந்த ஒரு சிலர் தமக்காக ஆக்கிய கருவி அது. படிவத்தை எழுதியவனும் அதனை நிரப்பியவனும் ஒருவனே. பிழை நேரின் நட்டம் அவனுக்கே. நினைவகமோ மிக அரியது. சோதனைக்கெனச் செலவிட இடமில்லை. ஆகவே நம்பிக்கை அங்கு பொருத்தமான சிக்கனமாக இருந்தது. கருவி அச்சிறு குழுவை விட்டு உலகெங்கும் பரவியபோதுதான் அந்நம்பிக்கை பிரச்சினையாக மாறியது.

1983இல் அமைக்கப்பட்ட அமெரிக்க நியமக் குழு தன் பணியை 1989இல் நிறைவு செய்தது. அடுத்த ஆண்டில் அது சர்வதேச நியமமாயிற்று. திரைக்கும், கோப்பிற்கும், நினைவகத்துக்கும் எழுதும் செயற்கூறுகள் ஒரு குடும்பமாக அதில் வகுக்கப்பட்டன. அவற்றுள் நினைவகத்துக்கு எழுதும் 'எஸ்பிரின்ற்எஃப்' இலக்கிடத்தின் கொள்ளளவை அறியாது; கொள்ளாதது வழிந்து அயலிடத்தை அழித்தது. இடத்தின் அளவையும் கேட்டு எழுதும் 'எஸ்என்பிரின்ற்எஃப்' 1999ஆம் ஆண்டின் நியமத்திலேயே இடம்பெற்றது. மேலும் 1989ஆம் ஆண்டின் நியமத்தில் '%' குறியுடன் 'என்' என்னும் ஆங்கில எழுத்துச் சேர்ந்த கட்டளையும் இருந்தது. அது எதனையும் அச்சிடாது. அதுவரை அச்சிட்ட எழுத்துகளின் தொகையை நினைவகத்தில் எழுதிவைக்கும். அச்சிடும் கருவியின் கையில் நினைவகத்தை மாற்றும் எழுதுகோலும் இவ்வாறு அளிக்கப்பட்டது.

இதன் விளைவு 2000ஆம் ஆண்டில் பலரும் அறிய வெளிப்பட்டது. அயலார் அனுப்பிய வாசகத்தை வெற்றிடத்தில் இடுவதற்குப் பதிலாக, அதனையே வடிவச் சரமாகக் கொடுத்துவிடும் வழக்கம் பல செய்நிரல்களிற் காணப்பட்டது. வாசகத்தில் '%' குறி இல்லாதவரை இரண்டிற்கும் வேறுபாடு தோன்றாது. ஆனால் அந்த அயலார் வேண்டுமென்றே அக்குறிகளை எழுதி அனுப்பினால், படிவத்தை நிரப்ப வந்தவர் படிவத்தையே எழுதும் அதிகாரம் பெற்றவராகின்றார். கோப்புகளைப் பரிமாறப் பரவலாகப் பயன்பட்ட 'டபிள்யூயூ-எஃப்டீபீடீ' என்னும் செய்நிரலில் இவ்வழியாகக் கணினியின் முழு ஆட்சியையும் தொலைவிலிருந்தே கைப்பற்ற முடியும் என்பது அவ்வாண்டு யூன் மாதத்திற் புலனாயிற்று. இவ்வகைக் குறைபாடு முற்றாக ஒழிந்துவிட்டது என்றும் கூறுவதற்கில்லை. 2021 யூனில், '%' குறிகள் நிறைந்த பெயருடைய கம்பியில்லா வலையமைப்பொன்றுடன் இணைந்தவுடன் ஐபோன் கருவிகளின் அவ்விணைப்பு வசதியே செயலிழந்தமை கண்டறியப்பட்டது. எண்ணாயிரம் சொற்கூறுகளுள் அடங்கிய பொறியின் காலத்து நம்பிக்கை, அரை நூற்றாண்டு கழிந்தும் மக்களின் சட்டைப்பையில் இருந்தது.

பிரின்ற்எஃப் கூற்றில் இன்னுமொரு முத்திரையும் உண்டு. அது தமிழராகிய நம்மை நேரடியாகச் சார்வது. ஓரெழுத்து ஒரு பைற்றில் அடங்கும் ஆங்கிலத்தைக் கொண்டே அதன் அளவைகள் வகுக்கப்பட்டன. இன்று பெருவழக்கிலுள்ள யூரீஎஃப்-8 குறிமுறையில் 'கொழும்பு' என்னும் நான்கெழுத்துச் சொல் 24 பைற்றுகளாகும். 'கண்டி' என்னும் மூன்றெழுத்துச் சொல் 15 பைற்றுகளாகும். அட்டவணையொன்றில் 20 இட அகலம் வகுத்து இப்பெயர்களை அச்சிட்டால், கண்டிக்கு ஐந்து இடைவெளிகள் சேர்க்கப்படும். கொழும்புக்கோ அகலம் கடந்துவிட்டதெனக் கருதி ஓரிடைவெளியும் சேர்க்கப்படாது. நிரல்கள் குலைந்துபோகும்.

சொல்லொழுங்கிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. பத்துப் பக்கங்களில் மூன்றாம் பக்கம் என்பதை ஆங்கிலம் மூன்றை முதலிலும் பத்தைப் பின்னரும் வைத்துக் கூறும். தமிழ் பத்தை முதலிற் கூறும். பெறுமானங்கள் வரிசை மாறாது வரவேண்டும் என்னும் விதி இங்கு மொழிபெயர்ப்பாளனின் கையைக் கட்டிவிடுகின்றது. வெற்றிடங்களுக்கு எண்ணிட்டு வரிசையை மாற்றும் வசதி யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் உண்டெனினும், 'சீ' மொழியின் சர்வதேச நியமத்தில் அது இடம்பெறவில்லை. வரிசையை மாற்றினாலும் வேற்றுமை உருபு எஞ்சி நிற்கும். ஊர்ப்பெயருக்கு வெற்றிடம் விட்டு 'இல்' என்று முடித்தால், கண்டி 'கண்டியில்' என்றும், கொழும்பு 'கொழும்பில்' என்றும், யாழ்ப்பாணம் 'யாழ்ப்பாணத்தில்' என்றும் தாமாக மாறுவதில்லை. வெற்றிடத்தில் இடப்படும் சொல் உருமாறாது என்பது படிவத்தின் எடுகோள். சொல் உருமாறியே வாக்கியத்தில் அமரும் என்பது தமிழின் இயல்பு.

இவற்றால் பிரின்ற்எஃப் இழிந்த கருவி என முடிவு கூறுவது எமது கருத்தன்று. ஃபோர்ட்ரானில் எழுத்தெண்ணி வாடியோருக்கு அது பெரும் விடுதலையாயிருந்திருக்கும். வடிவச் சரமும் பெறுமானங்களும் பொருந்துகின்றனவா என இன்றைய தொகுப்பிகள் பல முன்கூட்டியே சோதித்து எச்சரிக்கின்றன. தொம்சன் பங்குகொண்டு உருவாக்கி 2009இல் வெளிவந்த 'கோ' மொழியிலும் பிரின்ற்எஃப் என்னும் பெயர் தொடர்கின்றது. மொழிகள் மாறியும் அச்சொல் வாழ்வதே அதன் பயனுக்குச் சான்றாகும்.

ஆயின் இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கருவியை ஆக்கியோர் எவரை மனத்திற் கொண்டனர் என்பது கருவியினுள்ளேயே எழுதப்பட்டுள்ளது. அவர் மனத்தில் இல்லாதோர் அக்கருவியைக் கையாளும்போது அவ்வெழுத்து வெளித்தோன்றுகின்றது. அயலாரும் அவர் மனத்தில் இருக்கவில்லை, தமிழும் இருக்கவில்லை. பிறர் வகுத்த படிவத்தின் வெற்றிடங்களில் நம் மொழியைத் திணித்து, பொருந்தாதவிடத்து மொழியையே குறைகூறும் மனப்பான்மை நம்மிடையே உண்டு. படிவத்துக்கும் ஒரு வரலாறு உண்டென அறிந்தவன் அவ்வாறு குறைகூறான். அதனைத் திருத்தி எழுதும் துணிவு அவ்வறிவிலிருந்தே பிறக்கும். கணினி மொழிகளைக் கற்கும் மாணவரோடு கலைப்பீட மாணவரும் இவ்வரலாற்றை ஆராயவேண்டியதன் தேவை இங்கேதான் உள்ளது.