சுரூபம் சுமந்த சனம்

கஷ்டகாலத்தில் கடவுளை விட்டு விலகாதே என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் அது தனி ஆளின் மனசுக்குச் சொல்லப்படும் புத்திமதியாகவே எனக்குப் படுகிறது. வரலாற்றில் சனம் கடவுளோடு ஒட்டிக்கிடந்த விதம் வேறு. ஈழத்து வடபுலக் கத்தோலிக்கரை வைத்து இதைப் பேசலாம்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தனர். கத்தோலிக்கச் சுவாமிமார் துரத்தப்பட்டனர். அவர்களை ஒளித்து வைப்போருக்கு மரணம் என்று அதே வருஷம் கட்டளை பிறந்தது. ஒன்றை மறைக்கக் கூடாது: ஒடுக்கப்பட்ட இந்தச் சமயம் அதுவரை அதிகாரத்தின் சமயமாக இருந்தது. நல்லூர்க் கோயிலை இடித்த பறங்கியின் சமயம். அதிகாரம் போனபின் சமயத்தில் மிச்சம் எது என்று பார்க்க, வேண்டாதவர் செய்து வைத்த பரிசோதனை மாதிரி இருக்கிறது இந்தக் காலம்.

கலியாணம் செல்ல வேண்டுமா, முதுசத்தில் வில்லங்கம் வராமல் இருக்க வேண்டுமா, கொம்பனி உத்தியோகம் வேண்டுமா, சீர்திருத்த சபையின் தோம்பில் பேர் இருக்க வேண்டும். சனம் பேரைப் பதிந்தது. பகலில் பிள்ளைக்கு அங்கே ஞானஸ்நானம், இரவில் வீட்டுக்குள் செபமாலை. இதை இரட்டை வேஷம் என்று ஒல்லாந்தப் போதகர்கள் எரிச்சல்பட்டனர். நான் அப்படி வாசிக்கமாட்டேன். தோம்பு என்பது சனத்தை எண்ணி அடக்கும் கருவி. அதற்குப் பேரை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். பரிசுத்தமான விசுவாசம் பற்றிப் பேசுகிறவர்கள், பிள்ளைகுட்டிக்காரனுக்கு வேறு என்ன வழி இருந்தது என்றும் சொல்லவேணும்.

1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் சுவாமி வந்தார். பிச்சைக்காரக் கோலம், கழுத்தில் செபமாலை. அதைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று வீடு வீடாகப் பார்த்தாராம். சில்லாலை அவருக்குப் புகலிடமானது. 1711இல் கண்டியில் இறந்தார், 2015இல் புனிதராக்கப்பட்டார். சரி, ஆனால் முகம் மாறிய அந்தச் சனம்? ஒழுங்காகப் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அப்படி 29 வருஷம் போனபிறகும் செபமாலையை அடையாளம் காண ஆள் இருந்ததே, அதுதான் சங்கதி. ஒளித்து வைத்துச் சோறு போட்டவர்களின் தலைக்குத்தான் விலை இருந்தது. ஊருக்கூர் மூப்பர், அண்ணாவி என்று வாஸ் ஆட்களை அமர்த்தியதும், சுவாமி இல்லாமலே செபம் நடக்கும் என்பது தெரிந்துதான்.

மாந்தைக் கதையும் இதோடு சேர்ந்தது. ஒல்லாந்தர் கெடுபிடியில் ஏறத்தாழ 1670இல் இருபது குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் குடியேறின என்பது மரபு. 'மாதா காப்பாற்றினா' என்று சனம் சொல்லும். கதையைக் கவனித்தால் மாதாவைக் காப்பாற்றியது சனம். இந்த இரண்டும் அவர்களுக்கு ஒன்றுக்கொன்று எதிர் அல்ல. இறையியல் தெரிந்தவர்களுக்குத்தான் இது சிக்கல்.

காட்டுக்குள் கட்டிய அந்த இடம் 1990க்குப் பின் அகதிமுகாமானது. ஆயிரக்கணக்கில் சனம் கோயிலைச் சுற்றிக் கிடந்தது. 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு செல் விழுந்து நாற்பது பேர் வரை செத்தார்கள், குழந்தைகள் உட்பட. கடவுளுக்குக் கிட்டப் போனவர்கள், கோயில் வளவுக்குள்ளேயே. 'சோதனை' என்ற சொல்லை அந்தப் பிணங்களுக்கு முன்னால் உச்சரிக்க எனக்கு வாய் வராது. ஆனால் செத்தவர்களின் உறவுகள் அடுத்த ஆடித் திருவிழாவுக்கு மெழுகுதிரியோடு போனால் அதை அறியாமை என்று சொல்லவும் வராது.

2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கியபோது சுவாமிமார் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். முன்னூறு வருஷத்துக்கு மேலாகியும் மாதா திரும்ப இடம்பெயர்ந்தா. ஆவணி திருவிழாவுக்கு முன் சுரூபம் மடுவுக்குத் திரும்பியது. 1670இல் சுரூபமும் சனமும் ஒரே பாதையில் போயின. இந்த முறை, மன்னார்ப் பெருநிலத்துச் சனத்தில் பெரும்பகுதி எதிர்த்திசையில் கிளிநொச்சிக்கும், அங்கிருந்து முல்லைத்தீவுக் கடற்கரைக்கும் துரத்தப்பட்டுக்கொண்டிருந்தது.