மாத்தளைக்கு நடந்து வந்த வழி

பங்குனி மாதம், காலை பத்து மணி இருக்கும். நாவுலைப் பக்கம் ஏ9 வீதியோரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அங்கே கூரையும் இல்லை, மரமும் இல்லை. ஒரு மின்கம்பத்தின் நிழல் மட்டும் ஒரு சாண் அகலத்தில் தரையில் நீண்டு கிடந்தது. அதற்குள் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். தலையில் முந்தானை, கையில் கனமான பை. நிழல் நகர நகர அவரும் அடி அடியாக நகர்ந்தார். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியபடி, “ஒக்கார ஒரு கல்லுகூட இல்லியே தம்பி” என்றார்.

செத்துப்போன ஒரு வழிக்கு நான் எழுத நினைத்த இரங்கலை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அந்த வழியை வடக்குப் பாதை என்பார்கள். இலங்கை மலைகளில் தேயிலைக்கு முன் கோப்பி பயிரான காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டுக்குள் நடந்து மாத்தளையில் வந்து ஏறிய வழி அது. ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி முன்னே போக, சட்டி பானையும் கைப்பிள்ளையும் பின்னே வந்தன. கோப்பிக்கு ஆண்டு முழுதும் ஆள் தேவைப்படவில்லை. பழம் பறிக்க வந்தவர்களில் பலர், பறிப்பு முடிந்ததும் அதே வழியில் ஊர் திரும்பினார்கள். பிழைக்கப் போன வழியும் வீடு திரும்பிய வழியும் ஒன்றாகவே இருந்தன.

அதைச் சொர்க்கமாக்கிச் சொல்ல எனக்கு நாக்கு வராது. காலராவும் அம்மையும் பசியும் அந்த வழிநெடுக ஆயிரமாயிரம் பேரைத் தின்றன. புதைக்கக்கூட ஆளில்லாமல் விடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பின்னாளில்தான் அரசு கொட்டகைகளும் கிணறுகளும் அமைத்தது. வீதி போட்ட கதையும் சுகமானதல்ல. ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய், இல்லையேல் பணம் கட்டு என்ற சட்டம் 1848இல் மாத்தளைச் சிங்களக் குடியானவர்களைக் கிளர்ச்சிக்குத் தள்ளிய காரணங்களில் ஒன்று. அந்த வழியில் நேர்ந்த சாவுகளுக்கான துக்கம் வேறு, அது என்றைக்கும் ஆறாது. இங்கே நான் அழுவது இன்னொன்றுக்காக. நடப்பவனின் உடம்பை அளவுகோலாக வைத்து ஒரு வழியை அமைக்கும் அறிவுக்காக.

அந்த அறிவு இரண்டு இனத்தாரிடமும் இருந்தது. சிங்களக் கிராமங்களில் அம்பலம் கட்டினார்கள். கல்லின்மேல் கனத்த உத்தரங்களைக் கிடத்தி, மரத்தூண் நிறுத்தி, ஓடு வேய்ந்த சிறு மண்டபம் அது. கதவு கிடையாது, ஆகவே பூட்டும் கிடையாது. உத்தரமே இருக்கை. வழிப்போக்கர் குடிக்கப் பானையில் தண்ணீர் வைப்பதைப் புண்ணியமாக நினைத்தார்கள். நம்மவர்கள் பிறந்த ஊர்களில் சுமைதாங்கி இருந்தது. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக் கல். அதன் சூட்சுமம் முழுவதும் உயரத்தில் இருக்கிறது. தலைச்சுமையோடு வருபவள் குனியாமல், இன்னொருவர் கை கொடுக்காமல், அப்படியே அதன்மேல் நகர்த்தி வைக்கலாம். இளைப்பாறிய பிறகு அதேபோல் தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமையை இன்னொருத்தி இறக்கி வைக்கட்டும் என்று எண்ணியவர்களைவிடப் பெரிய நிலவடிவமைப்பாளர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

வழி எப்படிச் செத்தது? 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். வந்தவர்கள் தோட்டத்து லய வீடுகளில் தங்கிவிட்டார்கள், திரும்பி நடக்க யாருமில்லை. புதிதாக வந்தவர்களைக் கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கே கொண்டுவந்தது. 1914க்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து ரயிலும் ஓடியது. காலடி நின்ற இடத்தில் சக்கரம் வந்தது. சக்கரத்துக்கு நிழல் எதற்கு, கிணறு எதற்கு? வீதி அகலமாக அகலமாக ஓரம் ஒடுங்கியது. இன்று தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரை நடக்கப் பார்ப்பவன் வெள்ளைக் கோட்டுக்கும் வடிகானுக்கும் நடுவில் ஒற்றைக்காலில் போக வேண்டியிருக்கிறது.

காப்பாற்றத் தெரியாத மாவட்டமல்ல மாத்தளை. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் சீகிரியாவில் போட்ட நீர்ப்பூங்காவின் ஊற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் பீச்சுகின்றன. உலகமே வந்து பார்க்கிறது. நாலந்தா கெடிகே, பல்லவர் கட்டடக்கலையின் சாயல் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு கற்கோயில், போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் முழுகப் போகிறது என்றதும் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் திரும்ப எழுப்பினார்கள். 1994இல் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கண்டலமவில் கட்டி முடித்த ஹோட்டல், மலைக்கும் காட்டுக்கும் இடம் விட்டுத் தன்னை ஒதுக்கிக்கொண்டது. இவற்றைக் கண்டு நான் பெருமைப்படுகிறேன். ஆனால் மன்னனின் பூங்காவுக்கும் கற்கோயிலுக்கும் கிடைத்த கவனிப்பில் கால்பங்கு கூலியாட்கள் நடந்த வழிக்குக் கிடைத்திருந்தால், நாவுலையில் அந்த அம்மாவுக்கு ஒரு கல் மிஞ்சியிருக்கும்.

2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனார்கள். ஜூலை 28இல் கிளம்பி ஓகஸ்ட் 12இல் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் நடந்ததும் வாகன வீதியில்தான்.

அந்தப் பழைய வழியில் என்னால் காட்டக்கூடிய தங்குமிடம் ஒன்றுதான் மிச்சம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில். அம்மைக்குத் தப்பி வந்தவர்கள் அம்மை தெய்வத்தையல்லவா முதலில் கும்பிடுவார்கள். அன்று அது ஒரு மரத்தடியில் சின்னச் சிலை. வயலாக இருந்த நிலம் 1852இல் கோயிலுக்குக் கிடைத்தது. இன்று 108 அடி இராஜகோபுரம் நிற்கிறது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கோயில் தேர்களை எரித்தார்கள். பிறகு புதுத் தேர்கள் செய்தோம்.

மாசி மகத்தன்று ஐந்து தேர்களும் தெருவுக்கு வரும்போது வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். தார் சுடாமலிருக்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கடைவாசல்களில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, போகிறவர் யார் என்று கேட்காமல் மோரும் சர்பத்தும் நீட்டுகிறார்கள். தோட்டங்களிலிருந்து வந்த சனம் செருப்பில்லாமல் வீதியின் நட்டநடுவில் நடக்கிறது.