விண்டோஸா, லினக்ஸா? நாம் கேட்க மறந்த கேள்வியின் வரலாறு





2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அதிலிருந்து பெற்றோர்கள் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சேர், வீட்டு லெப்டொப்புல விண்டோஸ் 11 ஏறாதாம். புதுசு வாங்கணுமா?"

பதில் சொல்வதற்கு முன்னர் நாங்கள் ஒன்றைத் திருப்பிக் கேட்போம். "இப்ப இருக்கிற விண்டோஸ் எங்க வாங்கினது?"

பெரும்பாலும் சிரிப்புத்தான் பதில். கடையில் போமட் அடிக்கும்போது போட்டுக் கொடுத்தது. அதற்குக் கொடுத்த காசு கடைக்காரரின் கூலி. மென்பொருளின் விலையை யாரும் கொடுக்கவில்லை.

யாரையும் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. நாங்களும் பல வருடம் அப்படித்தான் இருந்தோம். ஆனால் ஒரு விடயம் உறுத்துகிறது. வீட்டுக்கு ஒரு மின்விசிறி வாங்கினாலும் நாலு கடை ஏறி இறங்கும் நாம், கணினிக்குள் என்ன ஓடவேண்டும் என்பதை மட்டும் ஒருநாளும் தேர்ந்தெடுத்ததில்லை. அது ஏன் என்று பார்க்க கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

*விலை இல்லாத பொருளுக்கு விலை வந்தது*

1950கள், 60களில் கணினி என்பது ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். அதை வாங்கினாலோ வாடகைக்கு எடுத்தாலோ மென்பொருள் கூடவே வரும். தனி விலை கிடையாது. 1969 ஜூன் மாதம் ஐபிஎம் கொம்பனி இயந்திரத்துக்கு வேறாகவும் மென்பொருளுக்கு வேறாகவும் விலை போடப்போவதாக அறிவித்தது. மென்பொருள் தனியொரு வியாபாரமாக வளர்வதற்கு அது பெரிய வழியைத் திறந்தது.

அதே 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையை உருவாக்கத் தொடங்கினார்கள். ஆய்வுகூடத்தின் உரிமையாளர் ஏடி அன்ட் டி என்ற தொலைபேசிக் கொம்பனி. 1956இல் அரசாங்கத்தோடு செய்துகொண்ட இணக்கத்தின்படி, தொலைபேசிக்கு வெளியே வேறு வியாபாரம் செய்ய அதற்கு அனுமதி இருக்கவில்லை. அதனால் யுனிக்ஸ் மூல நிரலோடு, குறைந்த கட்டணத்தில் பல்கலைக்கழகங்களுக்குப் போனது. மூல நிரல் என்றால், ஒரு மென்பொருளை எழுதியவர் எழுதிய வடிவிலேயே இன்னொருவரும் வாசித்து விளங்கக்கூடிய பிரதி. ஒரு தலைமுறை மாணவர்கள் அதை வாசித்துத்தான் பணிசெயல் முறைமை எப்படி வேலை செய்கிறது என்று படித்தார்கள். 1984இல் அந்தக் கொம்பனி துண்டுகளாகப் பிரிக்கப்பட்டபோது பழைய தடையும் நீங்கியது. யுனிக்ஸும் விலைப்பொருளானது.

இதற்கிடையில் சின்னக் கணினிகள் வந்துவிட்டன. 1975இல் பில் கேட்ஸும் போல் அலனும் மைக்ரோசொப்டை ஆரம்பித்தார்கள். அவர்களது முதல் உற்பத்தியான பேசிக் மென்பொருளைக் கணினி ஆர்வலர்கள் ஆளுக்காள் பிரதியெடுத்துப் பகிர்ந்தார்கள். 1976 பெப்ரவரியில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பாவிப்பவர்கள் பலர், காசு கொடுத்தவர்கள் சிலர், இப்படியானால் நல்ல மென்பொருளை யார் எழுதுவார் என்பது அவரது முறைப்பாட்டின் சாரம்.

அன்று பலர் அவரைத் திட்டினார்கள். ஆனால் அதில் ஒரு நியாயம் உண்டு. தொழிலாளியின் கூலியைத் தாமதிக்காதே என்று கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. ஆகவே அந்த வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது.

1981இல் ஐபிஎம் தனது பீசியை வெளியிட்டது. அதற்குப் பணிசெயல் முறைமை கொடுக்க ஒப்புக்கொண்ட மைக்ரோசொப்ட், சியாட்டில் நகரத்துச் சிறிய கொம்பனி ஒன்றிடம் தயாராக இருந்த ஒன்றை வாங்கித் திருத்திக் கொடுத்தது. அதுதான் டொஸ். அதை மற்றக் கொம்பனிகளுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசொப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐபிஎம் பீசியைப் போல வேறு கொம்பனிகள் செய்த கணினிகள் உலகை நிறைத்தபோது, அவற்றோடு டொஸும் போனது. பின்னர் விண்டோஸ் போனது.

வேறு முறைமை போட்ட கணினிகளுக்கும் சேர்த்து, விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் மைக்ரோசொப்டுக்குப் பணம் கட்டும் வகையில் உற்பத்தியாளர்களோடு ஒப்பந்தங்கள் இருந்தன. 1994இல் அமெரிக்க நீதித் திணைக்களத்தோடு ஏற்பட்ட இணக்கத்தின்படிதான் அந்த முறை நிறுத்தப்பட்டது. அடுத்த வருடம் விண்டோஸ் 95 வந்தது. அதற்குள் தெரிவு என்பது வாங்குபவரின் கையை விட்டுப் போயிருந்தது. தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்ட பிறகு கடைக்கு வந்தவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

*ரூமா கிணறு*

மதீனாவில் ரூமா என்று ஒரு கிணறு இருந்தது. நல்ல தண்ணீர். ஆனால் உரிமையாளர் அதைக் காசுக்குத்தான் கொடுப்பார். ஹிஜ்ரத் செய்து வந்த ஏழைகளுக்கு அது கஷ்டமாக இருந்தது. உஸ்மான் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் என்ன செய்தார்கள்? கிணற்றை உரியவரிடமிருந்து விலைகொடுத்து வாங்கி எல்லோருக்கும் வக்பு செய்தார்கள். உரிமையாளர் ஏமாற்றப்படவுமில்லை, ஏழைகள் தாகத்தில் விடப்படவுமில்லை. திறந்த மூல மென்பொருளின் கதையை வாசிக்கும்போதெல்லாம் எங்களுக்கு இந்தக் கிணறுதான் நினைவுக்கு வரும்.

அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்றொருவர் வேலை செய்தார். அங்கிருந்த பழைய பிரின்டரில் கடதாசி சிக்கினால் பாவிப்பவர்களுக்குத் தகவல் போகும்படி அவர் அதன் மென்பொருளைத் திருத்தியிருந்தார். பிறகு புதிய லேசர் பிரின்டர் வந்தது. அதிலும் அப்படியே செய்ய நினைத்தார். ஆனால் மூல நிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரும், யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்.

ஸ்டோல்மன் திருடவில்லை, பூட்டை உடைக்கவுமில்லை. எல்லோரும் பாவிக்கவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஒரு முழு முறைமையைப் புதிதாகவே எழுதப்போவதாக 1983 செப்டெம்பரில் அறிவித்தார். அதற்கு குனூ என்று பெயர் வைத்தார். 1989இல் அதற்கென ஓர் உரிமப் பத்திரத்தையும் வெளியிட்டார். அதன் நிபந்தனை எளிமையானது. நீங்கள் எடுத்துத் திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது, உங்களுக்குக் கிடைத்த அதே உரிமைகளை அவருக்கும் கொடுக்கவேண்டும். நடுவில் ஒருவர் வேலி போட்டு "இது என்னுடையது" என்று சொல்ல முடியாது. சட்டப்படி இது வக்பு அல்ல, பதிப்புரிமைச் சட்டத்தில் நிற்கும் ஓர் அனுமதிதான். ஆனாலும் வக்பு என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இந்த நிபந்தனையை விளங்குவது கஷ்டமில்லை.

1991 ஓகஸ்ட் 25. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21. தனது 386 கணினிக்காக ஒரு பணிசெயல் முறைமை எழுதிக்கொண்டிருப்பதாகவும் அது வெறும் பொழுதுபோக்குத்தான் என்றும் இணையத்தில் அறிவித்தார். அந்தக் கருவுக்கு லினக்ஸ் என்ற பெயர் வந்தது. 1992இல் அதை ஸ்டோல்மனின் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். குனூவிடம் மற்றப் பாகங்கள் தயாராக இருந்தன, கரு மட்டும் முடியவில்லை. லினஸிடம் கரு இருந்தது. இரண்டும் சேர்ந்தன. அந்தப் "பொழுதுபோக்கு" இன்று உலகின் அதிவேக 500 கணினிகளிலும் ஓடுகிறது. உங்கள் கையிலுள்ள அன்ட்ரொய்ட் போனுக்குள் இருப்பதும் அதே கருதான்.

*நமது பக்கம் நடந்தது*

அப்படியானால் நம் வீடுகளுக்கு லினக்ஸ் ஏன் வரவில்லை? கஷ்டம் என்பதால் மட்டுமல்ல. நம் ஊரில் இரண்டுமே "இலவசம்" ஆகிவிட்டன. சிடி கடையில் சில நூறு ரூபாவுக்கு எக்ஸ்பியும் ஒபிஸும் கிடைத்தபோது, உண்மையிலேயே இலவசமான ஒன்றை யார் தேடுவார்? 1998இல் பில் கேட்ஸே வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசும்போது சீனாவைப் பற்றி இதைச் சொன்னார். திருடுவதானால் எங்களுடையதையே திருடட்டும், பழகிவிடுவார்கள், பிறகு வசூலிக்க வழி பார்ப்போம் என்ற கருத்துப்பட. அவர் சொன்னது சீனாவை. பழகியது நாமும்தான்.

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நூலாசிரியர்களினதும் கண்டுபிடிப்பாளர்களினதும் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறக்கூடாது என்று தீர்மானித்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி நமது நாட்டிலும் கணினி மென்பொருளுக்குப் பாதுகாப்பு உண்டு. நாங்கள் பத்வா சொல்லும் தகுதியுள்ளவர்கள் அல்லர். சந்தேகமிருப்பவர்கள் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கேட்காமலேயே இருப்பதற்கு இனியும் காரணம் இல்லை.

மறுபக்கத்தில், இதே மண்ணில் நாம் பெருமைப்படவேண்டிய ஒன்றும் நடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மருதமுனை, சாய்ந்தமருது முதல் ஹம்பாந்தோட்டை வரை நம் கரையோரம் அழிந்த நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டோம். காணாமல் போனவர்கள் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், எங்கே என்ன தேவை என்பதைப் பதிவுசெய்ய, இலங்கையின் தொண்டர் கணினியாளர்கள் சில வாரங்களுக்குள் சஹனா என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் சஹன என்றால் நிவாரணம். திறந்த மூலக் கருவிகளால் கட்டி, திறந்த மூலமாகவே வெளியிட்டார்கள். 2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் பூகம்பம் வந்தபோது அங்கும் அது பயன்பட்டது. யாரிடமும் உரிமம் வாங்கக் காத்திருக்கத் தேவைப்படவில்லை. ஸ்டோல்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதை சஹனாவுக்கு வழங்கியது.

சுனாமிக்கு இரண்டு மாதம் முன்னர், 2004 ஒக்டோபரில்தான் உபுண்டு வெளிவந்தது. லினக்ஸை வீட்டுக்கு ஏற்ற விதத்தில் இலகுவாக்கியது அதுதான். 2011 வரை, கேட்டவர்களுக்கு உலகின் எந்த மூலைக்கும் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். 2007இல் தொழுகை நேரம், குர்ஆன் மென்பொருள் என்பவற்றோடு உபுண்டு முஸ்லிம் எடிஷன் என்றொன்றும் வந்தது. பின்னர் ஸபீலி என்ற பெயரில் சில காலம் தொடர்ந்தது. திருத்தும் உரிமை எல்லோருக்கும் இருந்ததால்தான் அது சாத்தியமானது.

*இப்போது என்ன செய்வது?*

எங்கள் வீட்டுக் கணினியில் ஒருமுறை கிரெக் போட்ட மென்பொருளோடு வைரஸ் புகுந்து, தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் முழுவதும் போய்விட்டன. விடிய விடிய உட்கார்ந்து திரும்பத் தட்டச்சு செய்தோம். கிரெக் செய்த விண்டோஸில் பலரும் அப்டேட்டை நிறுத்தியே வைத்திருப்பார்கள். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் இரண்டு மாதம் முன்னரே அப்டேட் கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள். இன்று விண்டோஸ் 10ஐ அப்படியே விட்டால் நாமும் அந்த வரிசையில்தான் நிற்போம்.

ஆகவே நாங்கள் பெற்றோருக்குச் சொல்வது இதுதான்.

பிள்ளைக்கோ தொழிலுக்கோ விண்டோஸில் ஓடும், லினக்ஸில் ஓடாத மென்பொருள் தேவையென்றால், உதாரணமாக போட்டோஷொப், சில கணக்கியல் மென்பொருட்கள், விண்டோஸை முறையாக வாங்குங்கள். புதிய லெப்டொப் வாங்கும்போது உரிமத்தோடு வருகிறதா என்று கேளுங்கள். தனியாக வாங்கினால் விண்டோஸ் 11 ஹோம் 139 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 41,700 ரூபா. அது அவர்களது உழைப்பின் விலை. தகுதியான கணினிகளுக்கு விண்டோஸ் 10இன் மேலதிகப் பாதுகாப்பு 2026 ஒக்டோபர் வரை உண்டு. ஆனால் அதுவும் முறையான பிரதிக்குத்தான்.

பாடம், இணையம், சூம் வகுப்பு, கடிதம், வினாத்தாள் இவ்வளவுதான் தேவையென்றால் பழைய லெப்டொப்பை எறியவேண்டாம். 4 ஜிபி ரெம் இருந்தால் லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடும். லிப்ரே ஒபிஸில் எழுதலாம். ஆசிரியர் நண்பர்கள் பாமினி போய்விடுமோ என்று பயப்படவேண்டாம், அந்த எழுத்துருவை அங்கும் நிறுவலாம். உயர்தரத்தில் பிள்ளைகள் படிக்கும் பைதனும் திறந்த மூலம்தான்.

கஷ்டங்களையும் மறைக்கமாட்டோம். வேர்ட்டில் செய்த அட்டவணைகள் சிலவேளை இடம் மாறும். சில பிரின்டர்கள் அடம்பிடிக்கும். முதல் இரண்டு வாரம் கை பழைய இடத்தையே தேடும். அதனால் உடனே அழித்துப் போடாதீர்கள். பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைபையும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதியெடுத்து வைத்த பிறகு முடிவு செய்யுங்கள்.

விண்டோஸை வாங்குபவர் தண்ணீருக்கு உரிய விலையைக் கொடுக்கிறார். லினக்ஸ் போடுபவர் பொதுக் கிணற்றில் அள்ளுகிறார். இரண்டும் நேரான வழிகள். இரவில் மதில் ஏறி அள்ளுவதுதான் நாம் இத்தனை காலம் செய்தது.

அடுத்த முறை கணினியைக் கடைக்குக் கொண்டுபோகும்போது, "எதைப் போடட்டும்?" என்று கடைக்காரத் தம்பி கேட்கமாட்டார். அவருக்கு அந்தக் கேள்வியை நாம் பழக்கவில்லை. வீட்டிலேயே பேசி, பிள்ளைகளையும் கேட்டு, பதிலோடு போவோம்.

அல்லாஹ் நமது பாவனையிலும் சம்பாத்தியத்திலும் பரகத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.